மழைக்கு ஆகாதவர் கேட்ட கேள்விகள்

மரக்காணம் உப்பளத்தில் சகாயராஜ் மேஸ்திரி. நாற்பத்து மூன்று வயது. அறுபது பேரை வேலை வாங்குகிறவருக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், மழை. இரண்டு வாரம் வெயிலில் காய்ந்து விளைந்த உப்பை இருபது நிமிடத்தில் கரைத்துக்கொண்டு போகிற ஒன்றை எந்த மனுஷன் விரும்புவான் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் மழைப் பைத்தியங்களின் கூட்டத்தில் போய் விழுந்தது 2005 ஐப்பசியில். அந்த வருடம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பாத்திகள் ஏரியாகிக் கிடந்தன, வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து நாளெல்லாம் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவர் மனைவி மேரிசெல்விக்குச் சலித்துப்போனது.

"சும்மா திட்டிக்கினே இருந்தா ஆச்சா? வினோ கடையில கம்ப்யூட்டர்ல மேகம் தெரியுதாம். எங்க நிக்கிதுன்னு போய்ப் பாத்துட்டு வா" என்று விரட்டிவிட்டாள்.

வினோதினியின் பிரௌசிங் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். அவள் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டினாள். வங்கக் கடலில் வெள்ளையாக ஒரு சுருள் படுத்திருந்தது. சகாயராஜ் அதை முறைத்துப் பார்த்தார். மறுநாளும் வந்து முறைத்தார். நான்காம் நாள், இவருக்காக மேகம் தேடிக்கொண்டிருந்த வினோதினியின் கண்ணில் 'தூறல்' என்ற தமிழ் மின்னஞ்சல் குழுமம் பட்டது. கும்பகோணத்தில் பல் டாக்டராக இருந்த சத்யப்ரியா ஆரம்பித்தது. சேலத்திலிருந்து குவைத் வரை நூற்று நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்கு, மொட்டை மாடியில் குடுவை வைத்து மழையை அளப்பது.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒருவரும் பேசுவதில்லை. 'நேற்று 34 மி.மீ.' என்று ஒருவர் எழுதுவார். 'இங்கே 41' என்று இன்னொருவர். வாரம் ஒரு முறை சேலம் சிவஞானம் என்பவர் நாலு பக்கத்துக்கு ஒரு கணிப்பு எழுதுவார். அதைப் படித்ததாகக்கூட யாரும் சொல்வதில்லை.

"எலக்சன் ரிசல்ட் கேக்குற மாதிரி இருக்குது. இவங்கல்லாம் பேசிக்கவே மாட்டாங்களா?" என்றார் சகாயராஜ்.

"நீங்க பேசுங்களேண்ணா. சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் வினோதினி.

அவர் சொன்ன முதல் கேள்வி, 'இந்த மழை எப்ப நிக்கும்?' ஒரே ஒரு பதில் வந்தது. 'இது மழையை நேசிப்பவர்களின் குழுமம். சிவஞானம்.' அடுத்து, 'பருவமழை பத்தி எல்லாரும் என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டார். அதற்கு ஒன்றும் வரவில்லை.

"என்னைக் கேட்டா நானும் பதில் சொல்ல மாட்டேண்ணா. என்ன நினைக்கிறோம்னு யோசிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிடும்" என்றாள் வினோதினி.

வீட்டுக்கு நடக்கும்போது சகாயராஜுக்குத் தன் உப்பளம் ஞாபகம் வந்தது. அங்கே அவர் 'வேலை எப்படிப் போவுது?' என்று கேட்டால் அறுபது பேரும் 'போவுது' என்பார்கள். 'மூணாம் பாத்தியில தண்ணி ஏன் சேப்பா இருக்குது?' என்று கேட்டால் போதும், ஆறு பேர் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொல்ல அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இவ்வளவு நாள் தெரிந்தே செய்ததை இங்கே மறந்துவிட்டோமே என்று நடுரோட்டில் நின்று சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றார். 'மழை வரப்போவுதுன்னு உங்க வீட்ல எந்த சாமானுக்கு மொதல்ல தெரியும்? எங்க வீட்ல பின்கதவுக்கு. ரெண்டு நாள் முன்னாடியே ஊதிக்கினு மூட மாட்டேங்குது.' நல்ல தமிழில் மாற்றட்டுமா என்று வினோதினி கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த நாள் மதியத்துக்குள் ஐம்பத்து மூன்று பதில். அப்பளம் நமுத்துப்போகிறது என்றார்கள், மிருதங்கம் தொய்ந்துவிடுகிறது என்றார்கள். மாமியாரின் முழங்கால் சாமானில் சேருமா என்று குவைத்திலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்க, அதற்கு மட்டும் ஒன்பது பேர் விளக்கம் எழுதியிருந்தார்கள். ஈரக்காற்று வந்தால் தன் கிளினிக் நாற்காலி தானாகக் கீழே இறங்கும், பேஷன்ட் வாயைத் திறந்தபடியே இறங்குவார் என்றார் சத்யப்ரியா. சகாயராஜ் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் பாஸ்போர்ட் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தவர் அப்பா பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்.

பிறகு அவருக்குக் கேள்விப் பித்து பிடித்துக்கொண்டது. கூனிமேட்டில் மீன் வாங்கப் போனால் மீன்காரியிடம் வானத்தைப் பற்றிக் கேட்பார். ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே நல்ல கேள்வி ஒன்று தோன்றி, மேரிசெல்வியின் முந்தானையைப் பிடித்து இழுத்து அடி வாங்கினார்.

ஒரு முறை சறுக்கியும் விட்டார். 'செல்போன் டவராலதானே மழை கெட்டுப்போச்சு?' என்று கேட்டுத் தொலைக்க, மூன்று நாள் அடிதடி. இரண்டு பேர் குழுமத்தை விட்டே போனார்கள்.

"நீங்க கேக்கலண்ணா, தீர்ப்பு சொல்லிட்டு கடைசியில ஒரு கேள்விக்குறி போட்டீங்க" என்றாள் வினோதினி. சகாயராஜ் மன்னிப்புக் கேட்டு எழுதினார். போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

குழுமத்தில் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்காரர் ஒருவர் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. கொளஞ்சி என்று பெயர், விவசாயி. பத்து மாதமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. சகாயராஜ் பெயர் சொல்லியே கேட்டார், 'கொளஞ்சி, உங்க கோயில் குளத்துல தண்ணி எத்தனாவது படி வரைக்கும் நிக்குது?' மாலையில் பதில் வந்தது, 'ஏழு.' மறுநாள் யாரும் கேட்காமலே, 'எட்டு.' அதற்குப் பிறகு குவைத்காரருக்குக் கொளஞ்சியின் படி தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

தை பிறந்து உப்பு வாரத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் அவர் கேட்டார், 'மழை பெஞ்சா உங்க ஊர்ல யாரு அழுவாங்க? மொதல்ல நான் கை தூக்கறேன்.' குவித்து வைத்த உப்பு கண் முன்னால் கரைவதை வினோதினியிடம் சொல்லச் சொல்ல, அவள் திருத்தாமல் அடித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கருவாடு காயவைப்பவர்கள், கல்யாணப் பந்தல்காரர்கள் என்று சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. கடைசியில் சிவஞானம். 'என் தந்தை செங்கல் சூளை வைத்திருந்தார். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. மழை எப்போது போகும் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நேசமெல்லாம் பிறகு வந்தது.'

சகாயராஜ் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

சத்யப்ரியா எழுதினார், 'மழையே வேண்டாத அந்த இடத்தை நாங்கள் வந்து பார்க்கலாமா?'

2006 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் எடுத்துக்கொண்டு பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். சிவஞானம் ஆஜானுபாகுவாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தார் சகாயராஜ். அவரோ தோள் உயரம்தான் இருந்தார், கையில் குடை. வெள்ளை வெளேரென்று ஒன்பது உப்புக் குவியல்கள் வரிசையாக நிற்க, வந்தவர்கள் கண் கூசிப் பார்த்தார்கள். கொளஞ்சி ஒரு பையில் மழை அளக்கும் குடுவையோடு வந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "பழக்கங்க" என்றார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. பதினோரு முகங்களும் ஒரே நேரத்தில் அண்ணாந்தன.

"யாரும் சிரிக்கக் கூடாது. சகாயராஜ் முகத்தைப் பாருங்க, சிரிக்கவே கூடாது" என்றார் சத்யப்ரியா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

முதல் சொட்டு சிவஞானத்தின் வழுக்கைத் தலையில் விழுந்தது.

"கீத்து எடுங்கப்பா" என்று கத்திக்கொண்டு சகாயராஜ் ஓடினார். குவியல்களை மூட ஓலைக் கீற்று அடுக்கியிருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் மழைப் பிரியர்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பல் டாக்டர் தலையில் கீற்றைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி, எழுந்து, மறுபடி தூக்கினார். சிவஞானம் குடையை விரித்து ஒரு குவியலின் உச்சியில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். எட்டுக் குவியல் தப்பியது. ஒன்பதாவதில் பாதி, குடைக்கு அடியில் இருந்தது மட்டும், மிஞ்சியது.

உப்பளத்து முதலாளி தனக்கோடி மொபெட்டில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். முழங்கால் சேறோடு நின்ற பேண்ட் சட்டைக்காரர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா இவங்கல்லாம்?"

"மழை புடிச்சவங்க, மொதலாளி."

"மழை புடிச்சவங்க எதுக்குக் கீத்து தூக்கறாங்க?"

சகாயராஜ் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. சத்யப்ரியாவுக்கும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கொட்டுகிற மழையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பைத்தியங்களிடம் மாட்டிக்கொண்டோமோ என்று தனக்கோடி மொபெட்டைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

மழை விட்டதும் கொளஞ்சி வரப்பில் வைத்திருந்த குடுவையைத் தூக்கிப் பார்த்து, பத்தொன்பது மி.மீ. என்றார். இருபது என்றார் சிவஞானம். டீக்கடையில் அந்தச் சண்டை வேன் கிளம்பும்வரை ஓடியது.

சகாயராஜ் வீடு வந்தபோது சட்டையில் உப்பு பூத்திருந்தது. "என்ன இந்தக் கோலம்?" என்று கேட்டாள் மேரிசெல்வி. அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். துண்டு எடுத்து வரப் போனவள், கதையில் சிவஞானத்தின் குடை வந்ததும் துண்டை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.