பாவு நீட்டிய காலையில் அடைத்த கோழிகள்

முட்டை விலை ஏறியதும், ஐயம்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கோழி வளர்க்க ஆரம்பித்தோம். இனி கடை முட்டை வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரு தெம்பு.

தறியில் ஏற்றும் முன், பட்டு நெசவின் நீள இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழைகளைச் சரிபார்ப்போம். அப்போது ஒரு கோழி குறுக்கே ஓடினால் போதும், நூல் அறுந்துவிடும். அதனால் அந்தக் காலைகளில் தெருக் கோழிகள் எல்லாவற்றையும் என் வீட்டுக் கூண்டில் அடைப்போம். பெரிய கூண்டு என்னுடையதுதான்.

அன்று எதிர்வீட்டு தேவகி தன் கோழியை அணைத்தபடி வாசலிலேயே நின்றாள். அது கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது.

"விடியலிலேர்ந்து வெள்ளையா கழிஞ்சிக்கினு இருக்குதுக்கா. உள்ள விட வேணாம். நான் கையிலயே வெச்சிக்கினு இருக்கேன்."

"நீ இப்படி நின்னுக்கினு இருந்தா பாவோட அந்த முனைய யாருமா பிடிக்கிறது? வெயில் ஏறுது. விடுமா உள்ள."

அவள் தயங்கினாள். நானே கோழியை வாங்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பாவில் ஓர் இழைகூட அறுபடவில்லை.

அந்த வாரத்திலேயே கழிச்சல் நோய் தெருக் கோழிகள் அத்தனையையும் கொண்டுபோனது. தடுப்பூசிக்கு ஓடினோம். நோய் வந்தபின் போட்டுப் பயனில்லை என்றார் கால்நடை மருத்துவர். கூண்டைக் கழுவ தேவகிதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

நூலைக் காப்பாற்ற மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது மறுபடியும் கடை முட்டைதான். போன முறை பாவு நீட்டியபோது, பழக்கத்தில் கூண்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் முனையில் இருந்த தேவகி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.