சோல்வேயும் ஆற்றோர வரிசையும்

சோல்வேக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. சாண்ட்விகென் நகரத்துப் பள்ளிச் சமையலறையில் ஆயுசு முழுக்க அண்டா தூக்கியவள். முதுகு பிடித்துக்கொண்ட நாளில்கூடப் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு கை கொடு என்று சொன்னதில்லை. கணவன் விட்டுப் போன பிறகு மகள் எல்லினோரைத் தனியாளாகவே வளர்த்தாள். யாராவது வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம், உங்களுக்கு எதுக்கு தொந்தரவு" என்பாள். அந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதற்குப் பதில் சர்க்கரையில்லாத காபியைக் குடித்துவிட்டுப் போகிறவர்கள். சோல்வே அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவளுக்கு இருந்த ஒரே ஆசை டால் ஆற்றங்கரை விடுமுறை முகாமில் நிற்கும் பழைய கேரவன் என்கிற சக்கர வீடுதான். வசந்தம் பிறந்ததும் வந்துவிடுவாள், குளிர் தொடங்கும்போதுதான் வீடு திரும்புவாள். பல வருடம் கழிப்பறைக்குப் பக்கத்து வரிசையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடந்தாள். இந்த வருடம் ஆற்றோர வரிசையில் ஓர் இடம் காலியாகி அவளுக்குக் கிடைத்தது. அன்றைக்கே உப்சாலாவிலிருந்த எல்லினோருக்கு போன் போட்டாள்.

"நடுக்கோடைப் பண்டிகைக்கு இங்க வரியா? வாசல்லயே ஆறு ஓடுது."

எல்லினோரோடு கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழும் யோனத்தானின் பெற்றோருக்குக் கடலோரத்தில் ஒரு தீவு வீடு இருந்தது. எல்லினோர் மூன்று நான்கு வருடமாகப் பண்டிகைக்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். இப்போது கைக்குழந்தை வீதே வேறு. மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று சோல்வே நினைத்தாள்.

"வரேம்மா. யோனத்தானுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. நானும் வீதேவும் மட்டும்தான்."

சோல்வே போனை வைத்தாள். சந்தோஷம் வந்த அதே நிமிடத்தில் பயமும் வந்துவிட்டது. இந்தப் பண்டிகை சரியாக அமையாவிட்டால் இனி வாழ்நாள் முழுக்கத் தீவுதான். பேரன் அந்தப் பாட்டியின் மடியில் வளர்வான். இவளுக்கு போனில் படம் மட்டும் வரும்.

ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலையில் பனி தாமதமாக உருகியதால் ஆறு ஏற்கெனவே கனத்துத்தான் இருந்தது. சோல்வே கூடாரத்து முளைக்குச்சி ஒன்றைத் தண்ணீர் விளிம்பில் அடித்து வைத்து, காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள்.

"உன் குச்சி இன்னிக்கும் குளிக்குது போல," என்றார் ராக்னார். அடுத்த கேரவன்காரர், மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வாயைத் திறந்தால் குத்தலாகத்தான் ஏதாவது வரும்.

"வேற இடத்துல அடிச்சுட்டேன்."

"அதையும் பார்த்தேன். தினம் ரெண்டடி பின்னாடி அடிக்கிற. இப்படியே போனா அடுத்த வாரம் சாண்ட்விகென்லதான் அடிப்ப. பேசாம வண்டியை மேல மைதானத்துக்கு இழுத்துடு. பேரித்கிட்ட டிராக்டர் இருக்கு, ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"முகாம் நடத்துறவளுக்கு ஆயிரம் வேலை. அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

மேல் மைதானத்தில் கரண்டும் கிடையாது. குழந்தைக்குப் பால் எப்படிச் சூடு பண்ணுவது? வாசலில் ஆறு ஓடுகிறது என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கால்பந்துக் கம்பத்தடியில் உட்கார வைப்பதா? சோல்வே இடத்தைவிட்டு அசையவில்லை.

எல்லினோர் போனில் ஒன்றைத்தான் கேட்டாள். "கொசு எப்படிம்மா? வீதேக்கு ஒரு கடி கடிச்சாலே வீங்கிடுது."

"அங்கங்க இருக்கும். ஹெலிகாப்டர் வந்து மருந்து தெளிச்சுட்டுப் போயிடுச்சு."

பொய்யில்லை, தெளித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஏறி, மருந்து படாத மேட்டுப் புல்வெளிகளையெல்லாம் முழுங்கியிருந்தது. வெள்ளம் புகுந்த புல்லில் என்ன பொரிக்கும், வெயில் அடித்தால் எத்தனை நாளில் கிளம்பும் என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சோல்வேக்கும் தெரியும். மகளிடம் சொல்லாமல் மென்று முழுங்கிவிட்டாள்.

ஒரு நாள் விடிந்ததும் கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது பாதம் நனைந்தது. கேரவன் வாசலை ஒட்டிய முன்கூடாரத்தில், பண்டிகைக்கு வாங்கிய ஊறுகாய் மீன் ஜாடிகள் பெட்டியோடு மிதந்துகொண்டிருந்தன. அவள் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போதும் வாய் திறந்து யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே டிராக்டர் சத்தம் கேட்டது. பேரித் ஓட்ட, ராக்னார் முழங்கால் தண்ணீரில் நின்று கொக்கியை மாட்டினார்.

"இறங்கு சோல்வே. இல்ல உள்ளயே உக்காந்து கப்பல் சவாரி பண்ணப்போறியா?"

மேல் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இருவரிடமும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக் கேட்டுப் பேரித்துக்கே எரிச்சல் வந்துவிட்டது. "காபி போடு, போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரே மழை நின்றதென்று சந்தோஷப்பட, சோல்வே ஒருத்தி வெயிலைத் திட்டினாள். பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவை கிளம்பின. முதலில் மாடுகள் மேய்ச்சலைவிட்டு ஓடி வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. பிறகு புல்லிலிருந்து புகை எழுவதுபோல் எழுந்தது. பகல், இரவு, நிழல், வெயில் எந்த வித்தியாசமும் பார்க்காத கொசு. பேச வாய் திறந்தால் வாய்க்குள் போனது.

அவள் விடவில்லை. தொட்டிலுக்கு வலை தைத்தாள். ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டினாள். கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவிட்டுக் குழந்தைக்கு ஆகாதென்று உடனே அணைத்தாள். கடைசியில், வலைக்குள் எத்தனை வருகிறது பார்ப்போம் என்று தன் கையையே தொட்டிலில் நீட்டி வைத்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கை முழுக்கத் தடிப்பு. இடது கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. அந்தச் சின்னத் தொட்டிலையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தக் கை இருந்த இடத்தில் குழந்தையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

"எல்லினோர், வராதே."

"ஏம்மா? வேற யாராச்சும் வராங்களா?"

"கொசு. நான் உன்கிட்ட சரியாச் சொல்லல. ஆறும் உள்ள வந்துடுச்சு. இப்ப மைதானத்துல இருக்கேன். நீ தீவுக்கே போ, அங்க காத்து அடிக்கும்."

"அப்ப நீ இங்க வா."

"ஐயோ வேணாம். உனக்கு எதுக்கு தொந்..."

"சொல்லாதே," என்றாள் எல்லினோர். குரல் உடைந்திருந்தது. "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதேம்மா. வீதே பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கதவு திறக்கும்போதெல்லாம் நீயோன்னு பார்த்தேன். தொந்தரவு பண்ண வேணாம்னு மூணு வாரம் கழிச்சு வந்த. கோட்டைக்கூடக் கழட்டாம ஒரு காபி குடிச்சுட்டுப் போன. யோனத்தானோட அம்மா கேக்கவே மாட்டாங்க, அவங்களா வந்து நிப்பாங்க. நான் என்ன, ஆத்தைப் பார்க்கவா அங்க வரேன்னு சொன்னேன்?"

போன் வைக்கப்பட்டது. கொசு கடித்ததைக்கூடச் சோல்வே உணரவில்லை. இத்தனை வருடமும் மகளுக்குச் சுமையாக இல்லை என்று பெருமைப்பட்டிருந்தாள். மகள் அதை அம்மாவுக்கு அக்கறையில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் கார் கிடையாது. பண்டிகைக்கு முந்தின நாளிலிருந்தே அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. ராக்னாரும் கேரவனை மேலே இழுத்து வந்திருந்தார். வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் உருளைக்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தார். சோல்வே அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"என்ன, கொசு உள்ள போயிடுச்சா?"

"ராக்னார், எனக்கு ஒரு உதவி வேணும். உப்சாலா வரைக்கும் கொண்டுபோய் விடணும். நாளைக்குப் பண்டிகைன்னு தெரியும். பெட்ரோல்..."

ராக்னார் தொப்பியைக் கழற்றி அவளைப் பார்த்தார். குத்தலாக ஏதோ சொல்ல வந்தவர் வீங்கிய கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தார்.

பாதி வழியில் அவளுக்குத் தயக்கம் வந்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை கேட்டும்விட்டாள். ராக்னார் காது கேட்காதவர் மாதிரி ஓட்டினார். உப்சாலாவில் இறங்கி மாடிப்படி ஏறும்போது என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள்: ஒரு ராத்திரி மட்டும், சோபா போதும், சாப்பாடு நானே கொண்டுவந்திருக்கிறேன்.

எல்லினோர் கதவைத் திறந்தாள். தலை வாரவில்லை. சட்டையில் பால் கறை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீதே அவள் இடுப்பில் உட்கார்ந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். சோல்வே அவளை இப்படிப் பார்த்ததே இல்லை. உதவி வேணுமா என்று ஒரு தடவையாவது வந்து கேட்டிருந்தால்தானே பார்த்திருப்பாள்.

"ஒரு ராத்திரி மட்டும்..." என்று தொடங்கினாள்.

எல்லினோர் குழந்தையைத் தூக்கி அவள் கையில் திணித்தாள்.

"பிடிம்மா. நான் ஒழுங்கா குளிச்சு நாலு நாளாச்சு."

குளியலறைக் கதவு மூடி, தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. சோல்வே தோளில் மீன் ஜாடிப் பையோடு குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி நின்றாள். பிறகு குழந்தையை ஒவ்வொரு கையாக மாற்றிக் கோட்டைக் கழற்றினாள்.