ஒரு விரல், இரண்டு கல்

போன வியாழக்கிழமை பேக்கரியில் நின்று, "அந்தத் தேங்காய் பிஸ்கட்" என்று விரலை நீட்டினேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து வேறு பாட்டிலை எடுத்தார். "அது இல்லைங்க, கீழே." இன்னொன்றை எடுத்தார். "அதுக்கும் கீழே..." மூன்றாவது தடவை இருவருக்குமே கோபம் வந்துவிட்டது. நான் சரியாகத்தானே காட்டினேன்? இவர் கண்ணில் என்ன கோளாறு?

"யார்கிட்டேயும் கோளாறு இல்லைம்மா" என்றாள் கூட வந்திருந்த என் மகள். அவள் மனநல ஆலோசகர். ஒரு பொருளைச் சுட்டும்போது நாம் கண், விரல் நுனி, பொருள் மூன்றையும் ஒரே கோட்டில் வைக்கிறோமாம். எதிரே இருப்பவரின் மூளையோ நம் கை போகும் திசையை அப்படியே நீட்டிப் பார்க்கிறது. அதனால் அவருக்கு அந்தப் பொருள் சற்று உயரத்தில் தெரியும். தரையில் கிடப்பது என்றால் சற்றுத் தள்ளித் தெரியும். காட்டுபவரின் தோளுக்குப் பின்னால் நின்றால் மட்டும் தப்பு குறையுமாம்.

பேச்சு வருமுன்பே, நாயைக் காட்டி, காக்காயைக் காட்டி, நாமும் பார்த்தோமா என்று திரும்பிப் பார்க்கிறதே குழந்தை... அவ்வளவு பழைய விரல். அதிலேயே இத்தனை குழப்பம்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கிணறு நினைவுக்கு வந்துவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. கன்னிவாடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மலை கண்ணெதிரே இருக்கும். மழை மட்டும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. பழைய கிணறு வற்றிப்போய், நட்ட மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. புதுக் கிணற்றில் தண்ணீர் விழாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு திண்டுக்கல் போய்விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்தார். கையில் வேப்பங்குச்சிக் கவை. "கூட ஆள் வந்தா குச்சி திரும்பாதுங்க" என்று தனியாகவே நிலம் முழுக்க நடந்தார். திரும்பி வரப்புக்கு வந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார்.

"எந்த இடம்னு சொல்லலையே?" என்றார் அப்பா. அப்பா நிலத்துக்குள் இறங்கி, வந்தவரின் முகத்தைப் பார்த்தபடி எதிரே நின்றிருந்தார்.

"அதா, அங்கதானுங்க. அடையாளத்துக்கு ஒரு கல்லு வெச்சிருக்கேனுங்க."

விரலை நீட்டினார். போய்விட்டார்.

கல்லா? எங்கள் நிலத்தில் மண்ணைவிடக் கல்தான் அதிகம்!

அப்பா விறுவிறுவென்று போய் ஒரு கல்மேல் கால் வைத்தார். செம்போடு வரப்பிலேயே நின்ற அம்மா, "அது இல்லீங்க. இங்கிட்டு, கிட்டக்க இருக்கு பாருங்க, அந்தக் கல்லு" என்றாள்.

"ஏ புள்ள, அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பார்த்தவன் நானு. நீ அவரு முதுகைத்தான பார்த்த?"

அம்மா செம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பாவின் கல்லில் பூசை போட்டு வெட்டினார்கள். மூன்று மாதம். வேட்டுச் சத்தம் கேட்டால் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். ஆறு ஆள் ஆழத்தில் வெள்ளைப் பாறை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்பா இரண்டு நாள் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

அவர் போன மறுநாள் காலையில் அம்மா மம்பட்டியை எடுத்தாள். "கூடையை எடுத்துட்டு வாடி" என்றாள் என்னிடம்.

எங்கே, எதற்கு என்று நான் கேட்கவில்லை. தெரியுமே! அன்றைக்குத் தான் காட்டிய கல்லைப் புரட்டிவிட்டு அம்மா வெட்ட வெட்ட, நான் மண்ணை அள்ளிக் கொட்டினேன். முதல் நாள் முழங்கால் ஆழம். நாலாம் நாள் இடுப்பளவு. போகிறவர்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள். அம்மா கையில் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. ஆனால் அந்த நாலு நாளும் அவள் என்னோடு பேசியதுபோல் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. குழிக்குள் நின்று பழைய சோற்றைப் பங்கு போட்டுத் தின்றதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் அந்த மண் வாசனை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். குழியைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். திட்டு விழும் என்று நான் கூடைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "ஏறு மேல" என்றார் அம்மாவிடம். குழிக்குள் இறங்கினார்.

தோல் ஷாப்புக்கு அவர் திரும்பிப் போகவில்லை. வெட்டு ஆட்களும் மறுபடி வந்தார்கள். வைகாசியில், நாலு ஆள் ஆழத்தில், பாறை இடுக்கில் கசிவு. மறுநாள் கணுக்கால் அளவு. அதற்கு மறுநாள் அப்பா தலையோடு நனைந்து மேலே வந்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

நேராக அம்மாவிடம் போனார்.

"அன்னைக்கி எங்கன நின்னு பார்த்த?"

அம்மா அவரை வரப்புக்குக் கூட்டிப்போய், ஓர் இடத்தில் நிறுத்தினாள். அப்பா கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இங்கிட்டு இருந்து பார்த்தா சரியாத்தான் தெரியுது" என்றார்.

அம்மா முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "இப்பவாச்சும் கேட்டீகளே!"