குக்கர் மூடியில் அப்பா முடுக்கிய போல்ட்

மஞ்சள் போட்டு விளக்கெண்ணெய் விட்டுத் துவரம்பருப்பு வேகும் வாசம் மூக்கில் ஏறினால், இத்தனை வருஷம் கழித்தும் என் கை தானாக அடுப்பை அணைக்கப் போகும். எனக்கு அப்போது ஒன்பது வயது. நல்லூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வரிசையாக ஒட்டிக் கட்டிய 'லைன் வீடு' ஒன்றில் குடியிருந்தோம். அப்பா நிட்டிங் மெஷின் ஃபிட்டர். நின்ற மெஷினை ஓட வைக்க அவரை விட்டால் ஆளில்லை என்று கம்பெனியில் பெயர்.

அம்மாவுக்குக் கல்யாணச் சீரில் வந்த குக்கர் அது. ஒருநாள் தண்ணீர் வற்றி, மூடியிலிருந்த சேப்டி வால்வு உருகி ஓட்டையானது. அம்மா புதிது வாங்கிவரச் சொன்னார். அப்பாவோ கம்பெனியிலிருந்து ஒரு போல்ட்டும் வாஷரும் கொண்டுவந்து, ஸ்பேனர் போட்டு அந்த ஓட்டையில் முடுக்கினார்.

"ஏனுங்க, இது தாங்குமாங்க?" என்றார் அம்மா.

"மெசினே தாங்குது, உன்ற பருப்புச் சட்டி தாங்காதா? சென்மத்துக்கும் கழலாது போ."

அம்மா சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே ஆவி மிஞ்சினால் வழிவிடத்தான் அந்த வால்வு இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. கழலாமல் முடுக்குவதுதான் அப்பாவுக்குத் தெரிந்த நல்ல வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பருப்பை அடுப்பில் வைத்த நேரம், 'நல்ல தண்ணி வந்திருச்சு' என்று தெருவில் குரல் கேட்டது. பத்து நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீர். "கண்ணு, மூணு விசில் வந்தா அணைச்சுரு சாமி" என்று சொல்லிவிட்டுக் குடங்களோடு ஓடினார்.

நான் அடுப்பருகே நின்றேன். ஒரு விசில்கூட வரவில்லை. குக்கர் உள்ளுக்குள் உறுமியது, மேலே வெயிட் அசையவே இல்லை. பருப்புத் தோல் போய் ஆவித் துளையை அடைத்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னார்கள். விசில் வராமல் அணைத்தால் பருப்பு வேகாது, திட்டு விழும் என்று பயந்து, கேட்டுவிட்டு வரலாமென்று தெருக்குழாய்க்கு ஓடினேன். அம்மாவின் முதுகு தெரிந்தது. கூப்பிட வாயெடுப்பதற்குள் பின்னால் வெடித்தது.

அம்மா குடத்தைப் போட்டுவிட்டு என்னைத் தாண்டித்தான் ஓடினார். என்னைப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். அடுப்படி முழுக்க ஆவி, கூரையில் சிமெண்ட் அட்டை பிளந்து வானம் தெரிந்தது. கொதிக்கிற பருப்பில் அம்மா வெறுங்காலோடு நின்று, "கண்ணு, கண்ணு" என்று தரையெல்லாம் கையால் துழாவிக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டு பாத்திமா அக்காதான் என்னை உள்ளே தள்ளி, "இங்கிருக்குதுங்க உங்க புள்ள" என்றார்.

அந்தத் தண்ணீரை அந்த நேரத்துக்கு விட்டது அம்மன்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

அப்பா வந்து, பின்சந்தில் கிடந்த மூடியை எடுத்துப் பார்த்தார். மூடி வளைந்திருந்தது, போல்ட் கழலவே இல்லை. அம்மா காலில் மருந்தோடு, "புள்ள இருக்குதில்லீங்க, உடுங்க" என்றார். அப்பா அந்த மூடியை மடியில் வைத்தபடி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழவில்லை.

அந்த லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. அம்மா போய் மூன்று வருஷமாகிறது. பாதத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த அந்தத் தழும்பும் அவரோடு போய்விட்டது.

சோமனூரில் வாக்கப்படும் என் மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கப் போனபோது, தள்ளாத வயதில் அப்பாவும் வந்தார். நானும் மகளும் எத்தனை லிட்டர் குக்கர் என்று பேசிக்கொண்டிருக்க, அவர் கடைக்காரரிடம் சேப்டி வால்வு அரை டஜன் தனியாகக் கேட்டார்.

"ஏனுங்கய்யா, நீங்களே கடை வைக்கப் போறீங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பேத்தியின் கையில் வைத்து மூடினார்.

"இது கழலோணும் கண்ணு. போச்சுன்னா இதையே போடு. உன்ற ஊட்டுக்காரன் போல்ட்டு கொண்டாந்தான்னா, அடுப்படிக்குள்ள உடாதே."