கொர்ரியின் பச்சை ஜம்போ

நீராவி எஞ்சினைச் சூடாக்க இரண்டு மணித்தியாலம் காணும். அதைப் பாக்க வாற சனத்துக்குப் பதில் சொல்ல ஒரு ஆயுள் காணாது. நாலு பேருக்கு முன்னால நிண்டு வேலை செய்யிற எல்லாருக்கும் இந்தத் தலையிடி தெரியும். அதனாலதான் உங்களிட்டச் சொல்லுறன்.

நான் மன்னார்க்காரி, பேர் ஜெசிந்தா. முந்தி டென்மார்க்கில பிராண்டே எண்ட ஊரில காத்தாலைத் தூண்களுக்கு வெல்டிங் செய்தனான். இப்ப வைலேக்குக் கிட்ட ஒரு சின்ன நீராவி அருங்காட்சியகத்தில வேலை. இங்க என்னை இழுத்துக்கொண்டு வந்தது கொர்ரி. ஹொலண்ட்காரி, இந்தப் பக்கத்து ஆளைக் கலியாணம் கட்டினவ, எங்கட பட்டறைக்குப் பொறுப்பு. தன்ர நாட்டு எக்ஸ்பிரஸ் எஞ்சின் ஒண்டை, எட்டில ஒரு பங்கு அளவில, ஒன்பது குளிர்காலமாத் தன்ர கையாலயே செய்துகொண்டிருந்தா. மேல இருந்து ஓட்டலாம், பின்னால ஆட்களை ஏத்தலாம். தண்ணி கொதிச்சு ஆவியாகிற பொயிலரை மட்டும் சான்றிதழ் உள்ள வெல்டர்தான் ஒட்டவேணும். அந்த வெல்டர் நான்.

கரண்டி

சனிக்கிழமைகளில பட்டறைக் கதவு திறந்திருக்கும். கயித்துக்கு அங்கால நிண்டு சனம் கேக்கிற முதல் கேள்வி, "இது ஓடுமா?" இரண்டாவது, "கழிப்பறை எங்க?" இரண்டுக்கும் நடுவில கிடைக்கிற இடைவெளியில நான் வரலாறு சொல்லுவன். முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னமே வேலைக்கு வந்த இனம் இது. நாலு சிலிண்டர். இரண்டு வெளியில, மற்ற இரண்டும் உள்ளுக்குள்ள, ஒருத்தற்ற கண்ணிலயும் படாமல் உழைக்கும். மரப்பெட்டி போய் இரும்புப்பெட்டி வந்து ரயில் பாரமாகியும் சளைக்காமல் இழுத்ததுகள். சனம் 'ஜம்போ' எண்டு பேர் வைச்சது. மொத்தம் நூற்றியிருபது செய்தவை. பிறகு மின்சாரமும் டீசலும் வர, எல்லாத்தையும் உடைச்சுப்போட்டினம். ஒண்டே ஒண்டு தப்பி உத்ரெக்ட் அருங்காட்சியகத்தில நிக்குது. என்ன அழகான மெசின் தெரியுமே!

ஒருநாள் மழைக்கோட்டுப் போட்ட டேனிஷ் அம்மா ஒராள், உடைச்ச இரும்பெல்லாம் எங்க போச்சு எண்டு கேட்டா. ஆருக்குத் தெரியும், உருக்கிக் கத்தி கரண்டி செய்திருப்பினம் எண்டன். அவ கொஞ்சம் யோசிச்சுப்போட்டுச் சொன்னா: "எங்கட வீட்டுக் கரண்டி ஹொலண்டில வாங்கினது. இனிமேல் மரியாதையாக் கழுவுறன்."

என்ர ஓட்டை

காத்தாலைத் தூணின்ர தகடு தடிப்பு. அதில பழகின கை, மெல்லிய பொயிலர்த் தகட்டில சூட்டைக் கூடுதலாக் குடுத்துப்போட்டுது. தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்திப் பாத்த முதல் சோதனையிலேயே ஒட்டின இடத்தில ஊசி முனையளவு ஓட்டை. மெல்லிய கோடாத் தண்ணி பீச்சி, சோதிக்க வந்த அதிகாரியின்ர மூக்குக்கண்ணாடியில போய் விழுந்தது. எனக்கெண்டால் நிலம் பிளந்தாலும் பரவாயில்லை எண்டு கிடந்தது.

அருங்காட்சியக இயக்குநர் நல்ல மனிசன்தான், ஆனா பயந்த சுபாவம். "இன்னொரு சோதனை. அதிலயும் தவறினால் ஜம்போ வாசலில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். கொர்ரி என்னை ஏசியிருந்தாக்கூடப் பரவாயில்லை. எண்ணெய்த் துணியை மடிச்சு மடிச்சு வைச்சா. பிறகு சொன்னா: "கண்ணாடிக்குள்ள வைக்கிறதுக்கெண்டால் நான் மரத்தில செய்து பச்சை பூசியிருப்பன். ஒரு குளிர்காலத்தில முடிஞ்சிருக்கும்."

அரை மணித்தியாலம்

பழைய ஒட்டை அரைச்செடுத்து, துண்டுத் தகடுகளில இரண்டு கிழமை கை பழகி, திரும்ப ஒட்டினன். அதே அதிகாரி வந்தார். இந்தமுறை மூக்குக்கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டுதான் கிட்ட வந்தார், பாவி மனிசன்! அழுத்தத்தை ஏத்தி அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிக்கவேணும். அழுத்தமானியின்ர முள் இறங்கக் கூடாது. கொர்ரி வெளியில போயிட்டா. நான் எங்கட ஊர் மடுமாதாவைக் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அவவே வந்து முள்ளைப் பிடிச்சிருப்பா.

நேரம் முடிய அதிகாரி குடிச்சுக்கொண்டிருந்த கோப்பியைக் கீழ வைச்சுப்போட்டு, "முள் அசையேல்லை. நீங்களும் அசையேல்லை. இனி நீங்கள் மூச்சு விடலாம்" எண்டார்.

ஆறு தேசிக்காய்

கடைசிச் சோதனை ஓட்டம். ஆட்களை ஏத்திக்கொண்டு தோட்டத்து மேட்டில ஏறிக் காட்டினால்தான் கையெழுத்து. "உன்ர ஒட்டு, நீயே முன்னால இரு" எண்டு கொர்ரி என்னை ஏத்திவிட்டா. பயணிகளாக் கூப்பிட்ட ஆட்களில ரம்யாவும் ஒராள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, வைலேயில கொம்பியூட்டர் வேலை. நான் வெளிக்கிடப் பாக்க, ஓடிவந்து ஆறு பெரிய சில்லுக்கும் முன்னால தண்டவாளத்தில ஆறு தேசிக்காய் வைச்சாள். "புது வண்டிக்கா! எலுமிச்சம்பழம் வைக்காம எடுப்பாங்களா?" கிறிஸ்தவ வேதக்காரி நான், மறுத்திருக்கலாம். ஆனா அண்டைக்கு ஆரின்ர உதவியையும் வேண்டாமெண்டு சொல்லுற நிலைமையில நான் இல்லை.

ஆவியைத் திறந்தன். பழம் நசிஞ்சு சாறு தண்டவாளமெல்லாம் பரவ, சில்லுகள் நிண்ட இடத்திலேயே சுத்தத் தொடங்கிச்சுது. எஞ்சின் கத்துது, பெட்டி அசையேல்லை. பின்னால அதிகாரி பென்சிலோட. ஐயோ, ஒட்டுத் தாங்கியும் ஒரு பழத்தால எல்லாம் போச்சே எண்டு நான் உறைஞ்சுபோனன். கொர்ரி பாய்ஞ்சுபோய்ப் பிள்ளைகள் விளையாடுற குழியிலயிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து தண்டவாளத்தில தூவினா. மெல்லத் திரும்பத் திறந்தன். சில்லுகள் பிடிச்சுது. பதினெட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு ஜம்போ அந்த மேட்டில ஏறிச்சுது பாருங்கோ, ராசா மாதிரி! நான் வாய்விட்டுக் கத்தினன்.

இறங்கி வந்த அதிகாரி நசிஞ்ச தேசிக்காய் ஒண்டைக் கையில எடுத்துப் பாத்தார். ரம்யா விளக்கஞ் சொன்னாள். கேட்டுப்போட்டு, கையெழுத்து வைச்சுக்கொண்டே சொன்னார்: "விதிகளில பழம் எண்டு ஒண்டும் இல்லை. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை."

கடைசிப் பெட்டி

நான் இறங்கி, இனி நீ ஓட்டு எண்டு கொர்ரியைக் கூப்பிட்டன். அவ மாட்டன் எண்டு தலையாட்டிப்போட்டுப் போய்க் கடைசிப் பெட்டியில ஏறி இருந்தா. கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கிடந்தது. கையில இன்னும் மண். என்ன நடந்ததெண்டு கேட்டன்.

"ஒன்பது வருசமா நான்தான் இதோட கதைச்சன், ஜெசி. இண்டைக்குத்தான் இது வாய் திறக்குது. நீ ஓட்டு, நான் இருந்து கேக்கிறன்."

ஆக, பொயிலரில ஓட்டை விட்டவள் பின்னேரம் வரைக்கும் சாரதி, ஒன்பது குளிர்காலம் செய்தவ கடைசிப் பெட்டியில பயணி: எங்கட தொழிலில நீதி இவ்வளவுதான்.