மேசை பிடிக்க விட்ட மகள்

போன ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால். பொழுதுபோக்குப் பூங்காவின் சாப்பாட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கவரைப்பேட்டையில் பஸ் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து இடம் பிடித்தே பழகியவள் நான். ஒரு மேசை காலியானதும் ஆறு வயது மகளை அங்கே உட்கார வைத்தேன்.

"யார் சொன்னாலும் எழுந்துக்காத. இடம் போச்சுன்னா நின்னுக்கினேதான் சாப்புடணும்."

கணவர் டோக்கன் வரிசையில் நின்றார், நான் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். தட்டுகளோடு திரும்பியபோது அந்த மேசையில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நாங்க வரச்சொல்லோ காலியாத்தான் இருந்துச்சுக்கா."

தட்டுகளை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மகள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினேன். கூடத்தை ஒட்டி, செயற்கை அலையடிக்கும் குளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. கைக்குட்டையைப் போடுவதுபோல அல்லவா பிள்ளையைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன்!

கழிவறைப் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை அழைத்து வந்தாள். அந்தப் பெண்ணின் துப்பட்டா மகளின் இடுப்பில் சுற்றியிருந்தது.

"இன்னாம்மா நீ? ஒண்ணுக்கு வர்துன்னு அழுதுகினே கீது, எழுந்துக்க மாட்டேன்னுது. நான்தான் இஸ்துக்கினு போனேன். பாதி வழியிலியே பாவாடையெல்லாம் நனைஞ்சுட்ச்சு."

மகள் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா, நம்ம இடம் போச்சாம்மா?"