வில் எனக்கு, அம்பு மைனிக்கு

எங்கள் சர்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் பொருள் வேண்டும் என்று யாரும் விலை கேட்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்டுவிட்டாரே என்றுதான் கேட்போம். ஒரு கோழிமுட்டை நாலு பேர் வாயில் விழுந்து, கோழியைவிட அதிக விலைக்குப் போய், மறுநாள் காலையில் ஆம்லெட் ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப்பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை.

அப்படித்தான், ஐம்பத்தோரு வயதும் சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள கணக்கு டீச்சராகிய நான் ஒரு வில்லுக்குச் சொந்தக்காரி ஆனேன்.

கனடாவில் குடியேறிவிட்ட மகனின் அறையை ஒழித்த ஒரு வீட்டார், அவன் வில்லையும் ஆறு அம்புகளையும் காணிக்கையாகக் கொண்டுவந்து, வாழைக்குலைக்கும் சேனைக்கிழங்குக்கும் நடுவில் வைத்திருந்தார்கள். ஏலம் விட்ட செயலாளர் கெட்டிக்காரர். சேர்த்து விட்டால் ஒரு விலை, பிரித்து விட்டால் இரண்டு விலை என்று, வில்லைத் தனியாகவும் அம்பைத் தனியாகவும் விட்டார். வில் இல்லாமல் அம்பை வைத்து என்ன செய்ய என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

வில்லுக்கு முதலில் விலை சொன்னது என் மைனி. அண்ணன் மனைவி. குவைத்தில் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவருக்கும் வில் வேண்டாம். ஆனால் போன வருடக் கதை ஒன்று இருந்தது. என் தோட்டத்தில் விளைந்து நான் காணிக்கையாகக் கொடுத்த செவ்வாழைக்குலையை நானே ஏலத்தில் எடுக்கப்போனபோது, மைனி விலையை ஏற்றித் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் எனக்கே நாலு பழம் கொடுத்தனுப்பினார். அந்த நாலு பழமும் ஒரு வருடமாக எனக்குச் செரிக்கவில்லை. அதனால் மைனி வாய் மூடும்வரை நான் கையை இறக்கவில்லை. வில் எனக்கு விழுந்தது. நான் பெருமையோடு திரும்பிப் பார்ப்பதற்குள் அம்பு ஆறையும் மைனி எடுத்துவிட்டார்.

எவ்வளவுக்கு என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாது.

அன்றோடு மைனி என்னிடம் பேச்சை நிறுத்தினார். அதுவரை சர்ச்சில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். நான் பாட்டுப் புத்தகம் கொண்டுபோனதே கிடையாது, மைனியின் புத்தகத்தில் பாதி என்னுடையது. மறு வாரம் அவர் இரண்டு பெஞ்ச் தள்ளி முன்னால் போய் உட்கார்ந்தார். நான் சொந்தப் புத்தகம் கொண்டுபோகத் தொடங்கினேன். சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வலித்தது. ஆனால் போய்ச் சொல்வதற்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த வாய் கிடையாது.

வில்லை முன்னறையில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் அதை எடுத்து, அம்பில்லாமல் இழுத்து, டங் என்று விட்டுவிட்டு, காப்பி குடித்துப் போனார்கள். போகும்போது ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள். நாண் லூசாக இருக்கிறது என்றார் ஒருவர், டைட்டாக இருக்கிறது என்றார் அடுத்தவர். சவுதியிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், தேங்காயெண்ணெய் போட்டால் சரியாகும் என்றார். எது என்று கேட்டேன். எல்லாமே என்றார்.

மைனியிடம் அம்பு கேட்பதைவிட இணையத்தில் வாங்குவது கௌரவம் என்று தோன்றியது. அங்கே அம்புகளுக்கு எண் போட்டிருந்தது. முந்நூறிலிருந்து ஆயிரம் வரை. நான் யோசித்தேன். பெண்பிள்ளை, மூட்டுவலிக்காரி, என் பலத்துக்குச் சின்ன எண் போதும். முந்நூறில் ஆறு அம்பு வரவழைத்தேன். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மூளை போட்ட கணக்கு இது.

பின்கட்டில் மதிலோரமாகச் சாக்குகளில் பழந்துணியைத் திணித்து அடுக்கிவைத்து, பத்து மீட்டரிலிருந்து எய்தேன். முதல் அம்பு சாக்குக்கு இடப்பக்கம் போனது. இரண்டாவதும் இடப்பக்கம். மூன்றாவது, இடப்பக்கத்தில் நின்ற அயனிப்பலா மரத்தில் ஒரு பழத்தைக் குத்திக் கீழே தள்ளியது. மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டம்மா, நான் அதைத்தான் குறிபார்த்தேன் என்று நினைத்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் எனக்கு நல்ல மரியாதை இருந்தது.

பிறகு இடப்பக்கத்துக்கு யோசனைகள் வந்தன. கடல்காற்று என்றார் ஒருவர். இந்த மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இங்கே வரைக்கும் வரும் என்றார் இன்னொருவர். கண்ணாடியை மாற்றச் சொன்னார் என் வீட்டுக்காரர். போதகர் ஜெபிப்பதாகச் சொன்னார். எனக்குக் காற்று பிடித்துப்போனது, ஏனென்றால் அதில் என் தப்பு ஒன்றுமில்லை. ஒரு மாதம் எல்லாரிடமும் காற்று என்றே சொல்லித் திரிந்தேன்.

கடைசியில் என் மாணவி ஒருத்தி, நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வில்வித்தை கற்றுக்கொடுக்கிற கோச் இருக்கிறார் என்று சொன்னாள். வில்லை ஒரு நீளப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். கீபோர்டா டீச்சர், எந்த சர்ச்சில் வாசிக்கப் போறீங்க என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

கோச், முப்பதைத் தாண்டாத ஒரு பெண். வில்லை வாங்கிப் பார்த்ததும், இதை யாராவது அம்பில்லாமல் இழுத்து விட்டார்களா என்று கேட்டார். ஊரே விட்டது என்றேன். அவர் முகம் வெளுத்தது. அம்பில்லாமல் விட்டால் அந்த விசை முழுவதையும் வில்லே வாங்கிக்கொள்ளும், ஒருநாள் கையிலேயே ஒடியும் என்று சொல்லி, இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தடவி, விரிசல் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க என்றார். நாணைக் கழற்றிச் சில முறுக்கு ஏற்றித் திரும்ப மாட்டினார். அதுவரை பாத்திரம் விழுந்ததுபோல் சத்தம் போட்ட வில், பிறகு சும்மா முனகியது. தேங்காயெண்ணெய் பற்றி நான் சொல்லவில்லை.

எய்யச் சொன்னார். எய்தேன். இடப்பக்கம். காற்று என்றேன். அவர் இலக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் அடுத்த மூலைக்கு நடந்து, என்னை எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தி எய்யச் சொன்னார். காற்றென்றால் இப்போது அம்பு வலப்பக்கம் போக வேண்டும். அதுவும் இடப்பக்கமே போனது. ஒரு மாதமாக எனக்கு இது தோன்றவில்லை. கோச் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

அம்பை எடுத்து அதில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். அந்த எண், அம்புத்தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கான அளவாம். எண் சின்னதானால் தண்டு வளையாது. என்னுடையதைப் போன்ற மெல்லிய வில்லுக்கு, விடும்போது கொஞ்சம் வளைந்து நிமிர்கிற அம்பு வேண்டும். வலக்கையால் இழுக்கிறவருக்கு, வளையாத அம்பு இடப்பக்கம்தான் போகும்.

"இது அம்பில்ல டீச்சர், கம்பி" என்றார்.

அட்டவணை பார்த்தால் இரண்டு மூன்று எண் வரும், எது பொருந்தும் என்பது எய்து பார்த்தால்தான் தெரியும், இன்னொரு செட் வீணாக வேண்டாம் என்றார். இந்த வில்லோடு வந்த பழைய அம்பு எங்கேயாவது இருந்தால், அதில் இருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தாலே போதும். எனக்குக் கிடைத்த யோசனைகளிலேயே உருப்படியானது அதுதான். அது என்னை மைனி வீட்டுக்கு அனுப்பியது.

திட்டம் சுலபம். ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு போவது, எண்ணைப் பார்ப்பது, வருவது. மைனியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். ஆனால் நான் வருவதை முந்தின நாள் அண்ணனுக்குப் போன் செய்து, எதற்கு என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அண்ணனிடம் ரகசியம் சொல்வதும் சர்ச் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

மைனியின் மொட்டைமாடி முழுக்க ஆந்தூரியம் தொட்டிகள். அதில் ஐந்து தொட்டிகளில் சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கட்டியிருந்தது என் அம்புகள். அவருடைய அம்புகள். நான் பூவை ரசிக்கிற பாவனையில் குனிந்தேன். இறகுக்குக் கீழே எண் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசம் வந்தது. அடுத்த தொட்டியும் அப்படியே.

"என்ன ஏட்டி பாக்க?" என்றார் மைனி, பின்னால் நின்றுகொண்டு.

"பூ மைனி."

"பூ மேல இல்லா இருக்கு."

நான் நிமிர்ந்தேன். மைனி துண்டால் கையைத் துடைத்தார். "அம்பெல்லாம் ஒரே அழுக்கு, கேட்டியா. தொடச்சுப் போட்டேன்" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. ஆறாவதைக் காணோமே என்றேன். உன் அண்ணன் எங்கேயோ கொண்டுபோய்க் களைந்துவிட்டார் என்றார்.

இனி வேறு வழியில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு மைனியிடம் நான் முதன்முதலாக ஒன்றைக் கேட்டேன்.

"மைனி, அம்பு தருவியளா?"

"அம்பு தரமாட்டேன். அம்போட நான் வருவேன். சனிக்கிழமை மட்டும்."

அப்படியே நடந்தது. சனிக்கிழமைதோறும் நானும் வில்லும், மைனியும் அம்பும், ஒரே பஸ்ஸில். பழைய குடைப்பையில் அம்பை வைத்து மடியில் பிடித்துக்கொள்வார், என்னை நம்பிக் கொடுக்கமாட்டார். பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு அம்பின் இறகுகளை உரிக்க வேண்டும் என்று கோச் சொன்னபோது, மைனி சண்டைக்கே போய்விட்டார். பிறகு சம்மதித்தார். இறகுள்ள அம்பும் இறகில்லாத அம்பும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் போய்க் குத்தி நின்றன. வில்லும் அம்பும் ஒத்துப்போகிறது என்றார் கோச். மூன்று அம்பு நான் எய்வேன், மூன்று முறை மைனி எய்வார். ஊசிபோட்டுப் பழகிய கை, நடுங்காது. முதல் வாரமே என்னைத் தோற்கடித்தார். திரும்பும் பஸ்ஸில் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வருவோம். மறுநாள் சர்ச்சில் மட்டும் அதே இரண்டு பெஞ்ச் தூரம். எனக்கு வாரத்தில் மற்ற ஆறு நாளும் சனிக்கிழமையாக இருக்கக்கூடாதா என்றிருந்தது.

போன மாதம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் சுருட்டிய ஒன்றைக் கொடுத்தார். ஆறாவது அம்பு. கழுவுதொட்டிக் குழாய் அடைப்பெடுக்கக் கொண்டுபோய் அங்கேயே மறந்துவிட்டாராம். எண் அழியாமல் தெளிவாக இருந்தது.

"இதப் பாத்து நீயே வாங்கிக்கோ மக்கா. அவ பின்னால அலையாண்டாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அவர் போனதும் போனில் கடையைத் திறந்தேன். அந்த எண்ணில் ஆறு அம்பு இருந்தது. நாளைக்கழித்து வந்துவிடும் என்று போட்டிருந்தது. வாங்கிவிட்டால் மைனியிடம் கையேந்த வேண்டாம். குடைப்பையும் வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம். போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தேன்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்பை நீட்டினேன். "மைனி, ஆறாவது கிடைச்சாச்சு. அண்ணன் தந்தாவ."

மைனி அதை வாங்கி, இறகுக்குக் கீழே விரலால் தடவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

"ரொம்ப அழுக்கு, மைனி" என்றேன்.

அவர் குடைப்பையைத் திறந்து, ஆறாவதையும் உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்தார். பஸ் வந்தது. ஜன்னலோரம் என்னை உட்காரவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, டிக்கெட்டும் எடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"நாளைக்குப் பாட்டுப் புத்தகம் கொண்டு வராண்டாம், கேட்டியா."